கேட்க நேரமில்லாமல் போன கேள்வி: நம் ஊர் சேவைச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மரியாதைக்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன மாதம் நீங்கள் நடத்திய மதிய விருந்துக் கூட்டத்துக்கு என்னையும் அழைத்திருந்தீர்கள். பேருந்து நிலையத்துக்கு எதிரே முப்பத்தொரு வருடமாக மெடிக்கல் ஷாப் நடத்துகிறவள், புற்றுநோய் மருந்து பற்றிய பேச்சுக்கு இவளும் வரட்டும் என்று உங்களில் யாரோ சொல்லியிருக்க வேண்டும். அழைத்ததற்கு நன்றி. சாப்பாடும் நன்றாக இருந்தது, குறிப்பாக அந்த வத்தக்குழம்பு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்து எழுதப் போவதைப் படித்துவிட்டு, "கூப்பிட்டு இலை போட்டதற்கு இதுதான் மரியாதையா?" என்று சிலர் கேட்கக்கூடும்.

பேச வந்த டாக்டரை நான் குறை சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதுவுமாக மதுரையிலிருந்து காரில் வந்து, நாற்பது நிமிடம் நமக்குப் புரிகிற மாதிரி பேசினார். பழைய கீமோ மருந்து என்பது கோரையைப் பிடுங்கத் தெரியாமல் வயலையே உழுவது மாதிரி, வேகமாக வளர்கிற எல்லா செல்லையும் அடிக்கும், அதனால்தான் முடி கொட்டுகிறது, வாய் வெந்துபோகிறது என்றார். அப்புறம் வந்தவை குறி பார்த்து அடிக்கிற மாத்திரைகள். அதற்கும் அப்புறம் வந்தது, நம் உடம்பின் காவல்காரனான நோய் எதிர்ப்புச் சக்திக்குப் போட்டிருந்த விலங்கைக் கழற்றிவிடுகிற ஊசி. அந்த விலங்கைக் கண்டுபிடித்த ஆலிசன், ஹோன்ஜோ இருவருக்கும் 2018-ல் நோபல் பரிசு கிடைத்ததைச் சொன்னார். நோயாளியின் ரத்தத்திலிருந்தே செல்லை எடுத்துப் பயிற்சி கொடுத்துத் திரும்ப ஏற்றுகிற கார்-டி சிகிச்சை, மும்பையிலேயே உருவாகி 2023-ல் அனுமதி பெற்றது என்றபோது நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். நானும்தான் தட்டினேன்.

பிறகு மூன்று கேள்விகளுக்கு நேரம் கொடுத்தீர்கள். முதல் கேள்வி, முள்சீத்தாப் பழம் சாப்பிட்டால் கேன்சர் கரைந்துவிடுமாமே என்பது. இரண்டாவது, செல்போன் டவர். மூன்றாவது கேள்வியே இல்லை. எழுந்தவர் தன் மகன் அமெரிக்காவில் மருந்துக் கம்பெனியில் இருப்பதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நான் கை தூக்கினேன். தலைவர் மணியைத் தட்டினார். பொன்னாடை, நினைவுப் பரிசு, நன்றியுரை, தேசிய கீதம், சாப்பாடு.

நான் கேட்க நினைத்தது சின்னக் கேள்வி. "டாக்டர், இந்த மருந்தெல்லாம் எங்கள் ஊர்க்காரர் வாய்க்கு எப்படி வந்து சேரும்?" அவ்வளவுதான். வீட்டுக்கு வந்த பிறகு யோசித்ததில், அவரைக் கேட்க வேண்டிய கேள்வியே அல்ல இது என்று பட்டது. உங்களைக் கேட்க வேண்டியது. அதனால்தான் இந்த மடல்.

கீமோதெரபியின் வரலாற்றை டாக்டர் ஒரே ஸ்லைடில் முடித்துவிட்டார். 1948-ல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்து, கொஞ்ச காலத்துக்காவது நோயைப் பின்வாங்க வைத்தார் என்றார். அந்த மருந்து யாரிடமிருந்து போனது என்று சொல்லவில்லை. எல்லாப்ரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தியின் பேச்சைக் கேட்டு அறுவை சிகிச்சைக்குக் கதர் அங்கியோடு போனதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தவர். பிற்பாடு அமெரிக்காவில் லெடர்லே ஆய்வகத்தில் அவர் குழு உருவாக்கியதுதான் அமினோப்டெரின். அதன் தம்பி மெத்தோட்ரெக்சேட். ஃபார்பரின் கட்டுரை வெளிவந்த அதே 1948-ல் சுப்பாராவ் இறந்துபோனார். அந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் என் கடை அலமாரியில், இடது பக்கம் இரண்டாவது தட்டில் இருக்கிறது. ஒரு மாத்திரை சில ரூபாய்தான்.

எழுபது வருடத்துக்கும் மேல் பழைய மருந்து, விலையும் மலிவு, எல்லா ஊரிலும் கிடைக்கும். அப்படியானால் பிரச்சினையே இல்லை, இல்லையா? சில வருடங்களுக்கு முன் ஒரு பாட்டி வாய் முழுக்கப் புண்ணோடு கடைக்கு வந்தார், தண்ணீர்கூட இறங்கவில்லை. பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினார். மெத்தோட்ரெக்சேட். மூட்டு வாதத்துக்கு எழுதிக் கொடுத்தது. வாரத்துக்கு ஒரு நாள் சாப்பிட வேண்டியதை ஒன்பது நாளாகத் தினமும் சாப்பிட்டிருக்கிறார். சீட்டில் வாரம் ஒருமுறை என்றுதான் இருந்தது, ஆங்கிலத்தில். மருந்து கட்டிக் கொடுத்தவரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. அன்றே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினோம், பிழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அந்த அட்டையை யார் வாங்கினாலும், "எந்தக் கிழமை சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டு, பதில் வந்த பிறகு அந்தக் கிழமையைக் கவரில் தமிழில் எழுதித்தான் கொடுக்கிறேன். கண்டுபிடிப்பெல்லாம் முடிந்து, கப்பலில் வந்து, வண்டியில் ஏறி, கடைசியில் ஒரு கிழமைப் பெயரில் வந்து நிற்கிறது பாருங்கள் காரியம்.

இன்னொரு ஸ்லைடில் வின்கிரிஸ்டின் என்று ஒரு மருந்தின் பெயரைக் காட்டினார். குழந்தைகளுக்கு வருகிற ரத்தப் புற்றுநோயில் இன்றும் அது இல்லாமல் வைத்தியம் இல்லை. அது எதிலிருந்து வருகிறது தெரியுமா? நம் வாசலில் பூக்கிற நித்தியகல்யாணி. சுடுகாட்டு மல்லி என்று சொல்லி வீட்டில் வைக்கவே கூடாது என்பார்களே, அதே செடி. ராமநாதபுரம், விருதுநகர், திருநெல்வேலிப் பக்கத்து மானாவாரிக் காடுகளில் பயிர் பண்ணி, காய்ந்த இலையையும் வேரையும் எடை போட்டு ஏற்றுமதிக்கு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் உறுப்பினர்களிலேயே அந்தச் சரக்கை லாரியில் ஏற்றியவர் ஒருவர் உண்டு. (இலையைக் கொதிக்க வைத்துக் குடித்தால் போதுமே என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். மருந்து அதில் மிகமிகக் கொஞ்சம், விஷம் நிறைய.) நம் காட்டிலிருந்து இலையாகப் போனது ஊசியாகத் திரும்பி வருகிறது. ஆனால் அதைப் போட்டுக்கொள்ள நம் ஊர்ப் பிள்ளை மதுரைக்கோ சென்னைக்கோ வாரக்கணக்கில் நடக்க வேண்டியிருக்கிறது. கூடப் போகிற தாய்க்கோ தகப்பனுக்கோ அத்தனை நாள் கூலி போய்விடும்.

சரி, இனி நான் நேரடியாகப் பார்த்த கதைக்கு வருகிறேன். என் பெரியக்காவுக்கு 2008-ல் ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. குழந்தைகளுக்கு வருகிற வகை அல்ல, மெதுவாக வளர்கிற வகை, சி.எம்.எல். என்பார்கள். நம் உடம்பில் ஒன்பதாம் குரோமோசோமில் ஒரு துண்டும் இருபத்திரண்டாம் குரோமோசோமில் ஒரு துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொண்டு, நிறுத்தத் தெரியாத ஒரு புரதத்தை உண்டாக்கிவிடுகின்றன. அந்தப் புரதத்தை மட்டும் பிடித்து அடைக்கிற மாத்திரை இமாட்டினிப். 2001-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. டாக்டர் இதைத்தான் "குறி பார்த்து அடிக்கிற மருந்துகளில் முதல் பெரிய வெற்றி" என்றார். உண்மை. அதற்கு முன்பு இந்த நோய் வந்தால் நாலைந்து வருடம் என்று கணக்குச் சொல்வார்கள்.

டாக்டர் சொல்லாதது, நேரமில்லாததால் சொல்லாதது, அந்த மாத்திரையின் விலைக் கதை. நோவார்ட்டிஸ் கம்பெனியின் க்ளீவெக் என்ற பெயரில் அது மாதம் ஏறத்தாழ ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய். அதே மருந்தை நம் நாட்டுக் கம்பெனிகள் செய்தபோது மாதம் எட்டாயிரம், பத்தாயிரம். காப்புரிமை கேட்டு அந்தக் கம்பெனி போட்ட விண்ணப்பம் இருந்த இடம் சென்னைக் காப்புரிமை அலுவலகம். ஏற்கனவே தெரிந்த ஒரு பொருளின் புதிய வடிவத்துக்கு, அது நோயைக் கூடுதலாகக் குணப்படுத்துகிறது என்று காட்டாமல் காப்புரிமை கிடையாது என்கிறது நம் சட்டத்தின் 3(டி) பிரிவு. 2006 ஜனவரியில் விண்ணப்பம் தள்ளுபடியானது. அந்தப் பிரிவே செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள், 2007 ஆகஸ்டில் அதுவும் தள்ளுபடி. கடைசியில் உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி முடித்துவைத்தது. அந்தக் கம்பெனி ஆயிரக்கணக்கானவர்களுக்கு மருந்தை இலவசமாகவும் கொடுத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் கொடுக்கிறவர் மனது வைத்தால்தான் இலவசம். கடையில் கட்டுப்படியாகிற விலைக்குக் கிடைப்பது வேறு விஷயம்.

இதில் உங்கள் காதில் விழ வேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது. அந்தக் காப்புரிமையை எதிர்த்து மனுக் கொடுத்தவர்கள் போட்டிக் கம்பெனிகள் மட்டுமல்ல. மும்பையைச் சேர்ந்த புற்றுநோயாளிகள் உதவிச் சங்கம் ஒன்றும் கொடுத்தது. டாக்டர்கள் சங்கம் இல்லை அது. உங்களை மாதிரி, ஊர்க்காரர்கள் கூடி ஆரம்பித்த சேவை அமைப்பு. நோயாளிக்குச் சாப்பாடு, மருந்து, துணி என்று கொடுத்துக்கொண்டிருந்தவர்கள், வக்கீல் வைத்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள்.

என் அத்தான் அப்போது ஒரு நூற்பாலையில் மேஸ்திரி. மாதம் எட்டாயிரம் என்பது கிட்டத்தட்ட அவருடைய சம்பளம் முழுக்க. நாங்கள் உடன்பிறந்தவர்கள் மூன்று பேர் பங்கு போட்டுக்கொண்டோம். எட்டாயிரத்தைப் பங்கு போடலாம். ஒரு லட்சத்து இருபதாயிரத்தை எந்தக் குடும்பமும் பங்கு போட முடியாது. இப்போது அதே மாத்திரை மாதம் சில ஆயிரத்துக்குள் வந்துவிட்டது. அக்கா இருக்கிறாள். பேத்திக்குக் காது குத்துக்கு மொய் எழுதியதில் யார் குறைத்துவிட்டார்கள் என்று போன வாரம்கூட என்னிடம் போனில் ஒரு மணி நேரம் பேசினாள்.

மருந்துக் கடைக்காரி விலையைப் பற்றிப் பேசுகிறாளே, இவள் லாபம் பார்க்காதவளா என்று நீங்கள் கேட்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன். பார்த்தவள்தான். 2019-க்கு முன்பு சில கேன்சர் மருந்துகளின் அட்டையில் அச்சடித்திருந்த விலைக்கும், ஸ்டாக்கிஸ்ட் எனக்குப் போட்ட பில்லுக்கும் சம்பந்தமே இருக்காது. பெட்டியில் பத்தாயிரம் என்று இருக்கும், எனக்கு மூவாயிரத்துக்கு வரும். இடையிலுள்ள ஏழாயிரம் யார் பையில் போகிறது என்பது ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி, கடைக்குக் கடை மாறும். நான் முழு விலை வாங்கியது இல்லை, ஆனால் முழுசாக விட்டுக்கொடுத்ததும் இல்லை. அந்த வருடம் மத்திய அரசின் விலை ஆணையம் 42 புற்றுநோய் மருந்துகளுக்கு இடைத்தரகு லாபம் 30 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று உத்தரவு போட்டது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட பிராண்டுகளின் விலை இறங்கியது, சிலது பத்தில் ஒரு பங்காகவே ஆனது. பத்தில் ஒரு பங்குக்கு விற்றும் கம்பெனி நஷ்டப்படவில்லை என்றால், முன்பு நாம் கொடுத்துக்கொண்டிருந்தது எதற்கு என்று யோசித்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 33 உயிர்காக்கும் மருந்துகளுக்கு ஜி.எஸ்.டி.யும் அறவே இல்லை, அதில் புற்றுநோய் மருந்துகள் பல. நல்லது. ஆனாலும் எல்லா மருந்தும் எல்லாப் பட்டியலிலும் இல்லை. ஒரே மருந்து கம்பெனிக்குக் கம்பெனி மூன்று நான்கு மடங்கு வித்தியாசத்தில் இன்றும் விற்கிறது.

இதற்கு உதாரணம் உங்கள் கூட்டத்திலேயே இருந்தது. இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன். சம்பந்தப்பட்ட இருவரிடமும் அனுமதி வாங்கிவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆனால் இன்னொருவர் யார் என்று இருவரிடமும் சொல்லவில்லை.

விருந்து முடிந்த அந்த வாரத்திலேயே உங்கள் உறுப்பினர்களில் இருவர் தனித்தனியாக என்னைத் தேடினார்கள். ஒருவர் இரவு ஒன்பதரைக்கு, கடை அடைக்கிற நேரம் பார்த்துப் போன் செய்தார். இன்னொருவர் மறுநாள் காலையில் கடைக்கே வந்து, கூட்டம் கலையும் வரை விக்ஸ் மிட்டாயை வாங்குவதா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தார். இருவர் வீட்டிலும் அப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய். இருவருக்கும் எழுதியிருப்பது அபிராட்டெரோன் என்ற ஒரே மாத்திரை. ஒருவர் வாங்கிக்கொண்டிருந்தது, ஆஸ்பத்திரிக்கு உள்ளேயே இருக்கிற கடையில், அச்சடித்த முழு விலைக்கு. மற்றவர் அதே மருந்தை வேறு கம்பெனிப் பெயரில், டாக்டரைக் கேட்டுவிட்டு, அதில் மூன்றில் ஒரு பங்குக்கு வாங்குகிறார். ஆனால் விலை குறைவாக வாங்குகிறவர் வீட்டில் அப்பா அதை இட்லியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டிய மாத்திரை அது, சாப்பாட்டோடு போனால் ரத்தத்தில் பல மடங்கு ஏறிவிடும். அதிக விலை கொடுத்தவருக்கு அது தெரியும். ஒருவருக்கு விலை தெரியாது, ஒருவருக்கு வேளை தெரியாது. அன்றைய விருந்தில் இருவரும் ஒரே மேசையில், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மற்றவருக்கு அப்பளம் எடுத்து வைத்ததை நான் பார்த்தேன்.

வசதி உள்ளவர்கள் வீட்டில் கேன்சர் என்ற சொல்லையே வெளியில் விடுவதில்லை. பெண்ணுக்குக் கல்யாணம் பேசவேண்டும், கடன் கொடுத்தவன் காதில் விழக் கூடாது, எத்தனையோ காரணம். வசதி இல்லாதவர்கள் வேறு மாதிரி, அவர்கள் மறைப்பதில்லை. ஆனால் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல், முதல் கதவிலேயே நகையை வைத்துவிடுகிறார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் ஐந்து லட்சம் வரை சிகிச்சை உண்டு, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால். கீமோ, கதிர்வீச்சு எல்லாம் அதில் வரும். அட்டை இருக்கிறதா என்று கேட்டால், "அது என்னமோ எடுத்தோம் தாயி, எங்க இருக்குன்னு தெரியல" என்பார்கள். இன்னும் சிலருக்கு வருமானச் சான்று இல்லை. சிலருக்கு ரேஷன் அட்டையில் பெயர் பிழை. நோய் தெரிந்த பிறகு வி.ஏ.ஓ. அலுவலகம், தாலுகா அலுவலகம், கலெக்டர் அலுவலகம் என்று அலைந்து முடிப்பதற்குள் இரண்டு, மூன்று வாரம் ஓடிவிடும். நோய் அதுவரை காத்திருக்காது.

அப்புறம் காய்ச்சல். டாக்டர் இதை ஒரு வரியில் சொன்னார், நீங்கள் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை, அந்த நேரத்தில்தான் சூப் வந்தது. கீமோ போட்டு ஒரு வாரம், பத்து நாளில் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். அந்த நேரத்தில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் அது சாதாரணக் காய்ச்சல் இல்லை. உடனே, அந்த மணியிலேயே, ஆஸ்பத்திரிக்குப் போய் நரம்பு வழியாக ஆன்ட்டிபயாடிக் ஏற்ற வேண்டும். நம் ஊரில் என்ன நடக்கும்? இரவு பத்து மணிக்கு என் கடைக்கு வந்து காய்ச்சல் மாத்திரை கேட்பார்கள். "யாருக்கு?" என்று கேட்டு, கீமோ என்று தெரிந்து, "இப்பவே கிளம்புங்கள்" என்றால், "காலையில முதல் பஸ்ஸுக்குப் போயிருறோம்க்கா" என்பார்கள். காலை முதல் பஸ் நாலரைக்கு. அப்படி முதல் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு பெண் திரும்பி வரவில்லை. அவளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த மருந்து சரியான மருந்து, நோயும் அதற்குக் கட்டுப்பட்டுக்கொண்டுதான் இருந்தது. ஒரு கார் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

இதையெல்லாம் சொல்வது புதிய மருந்துகள் வேண்டாம் என்பதற்காக இல்லை. டாக்டர் காட்டிய கடைசி ஸ்லைடுகள் எனக்கும் ஆசையைக் கிளப்பின. ஆனால் புதிய மருந்துகூட நம்மைப் போன்றவர்களுக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதற்கு மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் செய்த ஒரு ஆய்வு இருக்கிறது, அதைக் கேட்டிருந்தால் நீங்கள் இன்னொரு முறை கை தட்டியிருப்பீர்கள். முற்றிப்போன வாய், தொண்டைப் புற்றுநோய்க்காரர்களுக்கு நிவோலுமாப் என்ற அந்த விலங்கு கழற்றும் ஊசியை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் மட்டும் போட்டார்கள். கூடவே மலிவான மூன்று மாத்திரைகள். மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் ஒரு வருடம் உயிரோடு இருந்தவர்கள் 16 சதவீதம். அந்தத் துளி ஊசியும் சேர்ந்தவர்களில் 43 சதவீதம். முழு அளவை யாராலும் வாங்க முடியவில்லை என்ற இடத்திலிருந்து யோசிக்க ஆரம்பித்ததால் கிடைத்த பதில் அது. அந்த மூன்று மாத்திரைகளில் ஒன்று என்ன தெரியுமா? மெத்தோட்ரெக்சேட். வாரத்துக்கு ஒருமுறை.

நீங்கள் ஆராய்ச்சி செய்ய வேண்டாம். நன்கொடை வசூலித்துப் பெரிய கருவி வாங்கி, கல்வெட்டு வைக்கவும் வேண்டாம். (கண் சிகிச்சைக்கு என்று நீங்கள் வாங்கிக் கொடுத்த கருவி இயக்க ஆளில்லாமல் துணி போர்த்திக்கிடப்பதை நான் சொல்லிக்காட்டவில்லை.) அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இன்று எவ்வளவு பெரியது என்று உங்களுக்குத் தெரியும். அது 1954-ல் பன்னிரண்டு படுக்கையோடு ஆரம்பித்தது. அதற்கும் ஐந்து வருடம் முன்பே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் இந்திய மாதர் சங்கத்துப் பெண்களும் அதற்கென ஒரு நிதியைத் தொடங்கிக் காசு சேர்த்துக்கொண்டிருந்தார்கள். தன் தங்கை புற்றுநோயில் இறந்ததைப் பார்த்தவர் அவர். அப்படி ஒரு ஆஸ்பத்திரியை நம் ஊரில் கட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. நான் கேட்பது ஒரு மேசை.

வாரத்தில் ஒரு நாள், மதியம் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை, தாலுகா ஆஸ்பத்திரி வாசலிலோ பேருந்து நிலையத்திலோ ஒரு மேசை, நாலு நாற்காலி. உங்கள் உறுப்பினர் பட்டியலை அழைப்பிதழின் பின்பக்கத்தில் போட்டிருந்தீர்கள், எண்ணிப் பார்த்தேன். ஆடிட்டர் மூவர். ஆஸ்பத்திரி பில்லை வாங்கிப் பார்த்து, இது எதற்கு, அது எதற்கு என்று கேட்கத் தெரிந்தவர்கள். நோட்டரி வக்கீல் இருவர். ஓய்வு பெற்ற தாசில்தார் ஒருவர், வருமானச் சான்று எந்த அறையில் எந்த மேசையில் தேங்கும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? அச்சகம் வைத்திருக்கிறவர் ஒருவர்: எந்த மாத்திரை, எந்தக் கிழமை, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, காய்ச்சல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பெரிய தமிழ் எழுத்தில் ஒரு அட்டை அடித்துக் கொடுக்கலாம். டிராவல்ஸ் நடத்துகிறவர்கள் நாலு பேர். இரவு பதினோரு மணிக்கு ஒரு போன் வந்தால் முறை வைத்து ஒரு கார் கிளம்பினால் போதும். மாதம் எத்தனை முறை வந்துவிடப் போகிறது?

மருந்து பற்றி நான் பார்த்துக்கொள்கிறேன். அட்டையில் இரண்டு பெயர் இருக்கும், கம்பெனி வைத்த பெயர் ஒன்று, மருந்தின் சொந்தப் பெயர் ஒன்று. அந்தச் சொந்தப் பெயரை வைத்து, மக்கள் மருந்தகத்தில் இருக்கிறதா, முதல்வர் மருந்தகத்தில் இருக்கிறதா, அரசு ஆஸ்பத்திரியிலேயே இலவசமாகக் கிடைக்கிறதா என்று பார்த்து, நோயாளியின் டாக்டரிடம் மாற்றலாமா என்று கேட்கச் சொல்லி ஒரு சீட்டில் எழுதித் தருவேன். மலிவு என்றதும் கண்ட இடத்தில் பில் இல்லாமல் வாங்கிவிடாமலும் பார்த்துக்கொள்ளலாம். என் கடையில் வாங்கச் சொல்ல மாட்டேன். வேண்டுமானால் அதற்கு ஒரு உறுப்பினரைக் காவல் போடுங்கள்.

அந்த இரண்டு அப்பாக்களின் பிள்ளைகளும் மேசைக்கு வருவார்கள் என்றுதான் நினைக்கிறேன். உதவி கேட்க இல்லை, உதவி செய்கிறவர்களாக வந்து உட்காரலாம், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை.

அடுத்த விருந்துக்கு யாரைப் பேச அழைப்பது என்று செயலாளர் யோசித்துக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். பெரியாஸ்பத்திரியில் கீமோ வார்டில் இருபது வருடமாக ஊசி ஏற்றுகிற ஒரு சிஸ்டர் இருக்கிறார். அவரை அழையுங்கள். நரம்பு கிடைக்காத கையைத் தட்டித் தட்டித் தேடுவதிலிருந்து, கூட வந்த ஆள் மதியம் எங்கே சாப்பிட்டார் என்பது வரை சொல்வார். ஸ்லைடு எதுவும் இருக்காது. அவருக்கு நாற்பது நிமிடம் கொடுத்துவிட்டு, கேள்விக்கு இன்னொரு நாற்பது நிமிடம் வையுங்கள். சாப்பாடு ஆறினால் பரவாயில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் என் கடையில் கூட்டம் குறைவு, தம்பி ஒருவன் பார்த்துக்கொள்வான். அடுத்த செவ்வாயிலிருந்து நான் இரண்டு மணிக்குத் தாலுகா ஆஸ்பத்திரி வாசலில், அந்த வேப்பமரத்துக்குக் கீழே இருப்பேன். எனக்கு ஒரு நாற்காலி நானே கொண்டுவருவேன். மேசையை மட்டும் நீங்கள் எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
பேருந்து நிலையத்துக்கு எதிரே மெடிக்கல் ஷாப் நடத்துகிறவள்